நெல் வயலில் நீள்கொம்பு வெட்டுக்கிளி

நெற்பயிரில் வெட்டுக்கிளி தென்பட்டதும் மருந்து தெளிக்க முற்படுவது உழவர் பலரின் வழக்கம். ஆயினும், வயலில் துள்ளும் வெட்டுக்கிளிகள் யாவும் பயிருக்குப் பகையல்ல. அவற்றுள் ஒன்று குருத்துப்பூச்சியின் முட்டைகளைத் தேடித் தின்று நமக்குத் துணை செய்வது. அதுவே நீள்கொம்பு வெட்டுக்கிளி. அறிவியலார் அதனைக் கோனோசெபாலஸ் லாங்கிபென்னிஸ் என அழைப்பர்.

அடையாளம் காணும் முறை

பயிரை மேயும் வெட்டுக்கிளிக்கு உணர்கொம்புகள் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். நீள்கொம்பு வெட்டுக்கிளிக்கோ அவை மயிரிழைபோல் மெலிந்து, உடலைவிட இரு மடங்குக்கு மேல் நீண்டிருக்கும். முகம் சாய்ந்திருக்கும், உடல் பச்சை நிறமானது. பெண் பூச்சியின் பின்முனையில் வாள் போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அது கொடுக்கு அன்று, முட்டையிடும் கருவி. ஆதலால் அஞ்ச வேண்டுவதில்லை.

வாழ்க்கை முறை

பெண் பூச்சி அவ்வாளினால் புல், நெல் ஆகியவற்றின் திசுக்களில் முட்டைகளைச் செருகி வைக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் சிறகின்றித் தாயை ஒத்திருக்கும். பலமுறை தோலுரித்து வளரும். கூட்டுப்புழுப் பருவம் இதற்கில்லை. ஆண் பூச்சி முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி மெல்லிய ஒலியெழுப்பித் துணையை அழைக்கும். அவ்வொலியைக் கேட்கும் செவி முன்னங்கால்களில் அமைந்திருப்பது வியப்புக்குரியது. இரவிலேயே இது மிகுதியாக இயங்கும்; ஆகவே பகலில் பார்த்து இதன் பணியை மதிப்பிடலாகாது.

நன்மையும் தீமையும்

குருத்துப்பூச்சி தன் முட்டைக் குவியலை இலை நுனியருகே இட்டு, பழுப்பு நிற மயிரால் மூடி வைக்கும். நீள்கொம்பு வெட்டுக்கிளி ஒன்று நாளொன்றுக்கு இத்தகைய குவியல்கள் 3 முதல் 4 வரை தின்னவல்லது. கதிர்நாவாய்ப் பூச்சியின் முட்டைகளையும், தத்துப்பூச்சிகளின் குஞ்சுகளையும் இது உண்ணும். இலை ஓரத்தையும் பூவையும் சிறிது கடிப்பதுண்டு. எனினும், ஒரு முட்டைக் குவியல் பொரித்துப் புழுக்கள் தண்டைத் துளைத்தால் குருத்துக் காயும். பின்னர் வெண்கதிர் தோன்றும். அவ்விழப்பை நோக்க, இலைக் கடி சிறிதேயாகும்.

செய்ய வேண்டுவன

மருந்து தெளிக்குமுன் வயலில் இறங்கிப் பார்த்தல் வேண்டும். சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்களோ, நூற்றுக்கு 10 குருத்துக் காய்ந்த தூர்களோ, நூற்றுக்கு 2 வெண்கதிர்களோ காணப்படும்பொழுதே குருத்துப்பூச்சிக்கு மருந்து தேவைப்படும். அதற்குக் குறைவாயின் பொறுத்திருப்பதே நலம். காரணமின்றித் தெளிக்கும் மருந்து காவலரையும் சேர்த்துக் கொல்லும், பணமும் வீணாகும். வரப்புப் புல்லைத் தீயிட்டுக் கொளுத்துவதையும் தவிர்த்தல் நன்று. நம் காவலருக்கு அதுவே புகலிடம்.

ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில், பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்விரு வகை வெட்டுக்கிளிகளையும் கண்ணாடிப் புட்டிகளில் இட்டுக் காட்டலாம். உணர்கொம்பின் நீளத்தைக் கண்டறிய ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிப் பார்வை ஊர் முழுவதற்கும் மருந்துச் செலவை மிச்சப்படுத்தும்.