கழற்றிய பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள்

2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர், தர்மபுரி மாவட்டத்து ஊர். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட்டும், 1984-இல் இந்த்-சுசுகி 100 சிசி பைக்கும் அங்கிருந்துதான் வந்தன. ஆகவே பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் தர்மபுரிப் பக்கத்துக்கு அந்நியச் சரக்கு அல்ல. மைசூர் எஸ்டியையும் திருவொற்றியூர் புல்லட்டையும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு. அவர்களிடம் புழங்கும் சில நம்பிக்கைகள் நல்ல இன்ஜின்களைக் காவு வாங்குகின்றன.

“பிஸ்டன் போச்சா? புதுசு வாங்கிப் போடு, வேலை முடிஞ்சுது.” அதிகம் கேட்கிற பேச்சு இது, அதிகம் செலவு வைப்பதும் இதுதான். பிஸ்டன் தானாகக் கெடுவது அரிது. கெடுத்த காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால், அதுவும் பழையது போன வழியே போகும்.

கழற்றியதைப் பழைய இரும்போடு போடுமுன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மட்டும் கோடு கோடாக உரசியிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. கலவையில் பெட்ரோலோ ஆயிலோ போதவில்லை. சுற்றிலும் நான்கு இடங்களில் பட்டை பட்டையாக உரசியிருந்தால், இடைவெளி குறைவு, அல்லது குளிர்ந்த இன்ஜினை எடுத்த எடுப்பிலேயே முறுக்கியிருக்கிறார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். கிரானைட் லாரி ஓடும் சாலையில், பிக்கப்புக்காக ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அப்படித்தான் ஆகும். தலையில் ஓட்டை விழுந்திருந்தால் டைமிங், பிளக், கலவை மூன்றையும் சரிபார்க்காமல் இன்ஜினை மூடக்கூடாது.

டூ-ஸ்ட்ரோக்கில் பலர் பார்க்கத் தவறுவது மேக்னெட்டோ பக்கத்து ஆயில் சீல். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் கெட்டிப்பட்டு, அதன் வழியே காற்று உள்ளே புகும். கார்புரேட்டரை எத்தனை முறை ட்யூன் செய்தாலும் பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொள்ளும். சீலின் விலையோ அற்பம்.

“இறக்கத்துல இன்ஜினுக்கு என்ன வேலை?” தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது இதை நம்பாதீர்கள். எஸ்டி போன்ற வண்டிகளில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டுக் கியரில் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் மிகக் குறைவாகவே போகும், கூடவே ஆயிலும் குறையும். அதற்காக நியூட்ரலில் விடுவது உயிருக்கே ஆபத்து. கியரிலேயே இறங்குங்கள், அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள்.

இதே பயத்தில் ஆயிலை அள்ளி ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆயில் கூடினால், அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. கலவை நீர்த்துச் சூடு ஏறுகிறது. பிளக்கும் சைலன்சரும் கரி பிடித்து அடைப்பது தனிக்கதை. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. அளவுக் குப்பி வைத்து ஊற்றுங்கள்.

“பிஸ்டன் டைட்டா இருந்தாத்தான் நல்ல வேலை.” இந்த ஒரு நம்பிக்கையை ஒழித்தாலே பாதி இன்ஜின்கள் பிழைக்கும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பழைய புல்லட் 350-இன் 70 மி.மீ. பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் சுமார் 0.2 மி.மீ. பெருக்கும், சுற்றியுள்ள இரும்பு பிளாக் அதே சூட்டிலும் அதில் பாதியை ஒட்டித்தான் விரியும். அந்த வித்தியாசத்துக்குக் குளிரிலேயே இடம் விடாவிட்டால், முதல் மேட்டிலேயே பிடித்துக்கொள்ளும். விரலால் ஆட்டிப் பார்ப்பது அளவு ஆகாது. பிஸ்டன் பார்வைக்கு வட்டம். உண்மையில் லேசாக நீள்வட்டம், மேலே ஒடுக்கம். பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதியில் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். பிளாக்கில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரண்டு திசைகளிலும் போர் கேஜ் வைக்க வேண்டும்.

ரிங்கையும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டக்கூடாது. ரிங்கைத் தனியாகப் பிளாக்குக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் கோணாமல் கீழே தள்ளி, முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 70 மி.மீ. போருக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால், சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

“ஒரு தடவ போர் போட்டா வண்டி முடிஞ்சுது.” இல்லை. ஓவர் சைஸ் பிஸ்டன்கள் இருப்பதே அதற்காகத்தான். 70 மி.மீ. போரை 70.5 ஆக்கினால் 346 சிசி 351 ஆகும். பவரும் மைலேஜும் தலைகீழாகிவிடாது. ஆனால் பிஸ்டனை வாங்கி, அதை அளந்த பிறகே லேத்தில் போர் போடச் சொல்லுங்கள். முதலில் போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது பழக்கத்தில் வந்த தப்பு.

எத்தனால் பெட்ரோல் பிஸ்டனை உருக்கிவிடும் என்ற பயம் மிகை. 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் கலவை கொஞ்சம் நீர்க்கும், அவ்வளவே. பிளக்கின் நிறத்தைப் பார்த்து, தேவையென்றால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கலாம். பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது பின்னைச் சுத்தியலால் அடிப்பவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கனெக்டிங் ராடு வளையும். பிஸ்டனைச் சூடாக்கினால் பின் கையாலேயே நுழையும். லாக்குகள் புதியவையாக இருக்கட்டும்.

கடைசியாக ரன்னிங் இன். ராத்திரி முழுக்க ஐடிலில் ஓடவிட்டால் பிஸ்டன் ‘செட்’ ஆகும் என்பது தவறு. ரிங் பிளாக்கோடு பொருந்த மிதமான பாரம் வேண்டும், ஏறி இறங்கும் வேகம் வேண்டும். நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டுவதைவிட, ஊர்கள் குறுக்கிடும் பென்னாகரம் சாலை நல்லது. சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். ஒகேனக்கல் மலைப்பாதையை முதல் சில நூறு கிலோமீட்டர் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.