மயக்க மருந்துக்கு வயது தெரியும்

ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டால் வீட்டில் முதலில் பேசப்படுவது மயக்க ஊசிதான். தாத்தாவுக்குத் தாங்குமா, குழந்தைக்கு ஆபத்தில்லையா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அப்படிச் சொல்லப்படுபவற்றில் நான்கை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: எடைக்கு ஏற்பத்தான் மருந்து, ஒரே எடை என்றால் ஒரே அளவு.

உண்மை: எடை பாதிக் கணக்குதான். பரவலாகப் பயன்படும் புரோபோஃபால் ஊசியையே பார்ப்போம். ஆரோக்கியமான இளைஞரை மயக்கத்தில் ஆழ்த்த ஒரு கிலோ எடைக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் தேவை. முதியவருக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் போதும். இருவரும் 60 கிலோ என்றால் இளைஞருக்கு 120 மில்லிகிராமுக்குக் குறையாது. முதியவருக்கு 90-ஐத் தாண்டத் தேவையில்லை.

முதுமையில் மூளை குறைந்த மருந்துக்கே வசப்படுகிறது. ரத்த அழுத்தமும் எளிதில் சரிந்துவிடும். ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் கையில் போட்ட மருந்து மூளையை எட்டவும் நேரமாகிறது. 'இன்னும் தூங்கவில்லையே' என்று அவசரப்பட்டு அடுத்த அளவைச் செலுத்தினால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும்போது அழுத்தம் விழுந்துவிடலாம். அதனால்தான் பெரியவர்களுக்கு மெதுவாகச் செலுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை 2: பச்சைக் குழந்தைக்கு மருந்து மிகக் குறைவாகவே வேண்டும், அதற்கு வலியும் அவ்வளவாகத் தெரியாது.

உண்மை: சுவாசிக்கும் காற்றோடு கலந்து கொடுக்கும் செவோஃப்ளூரேன் மருந்தில் கணக்கு தலைகீழ். கத்தி படும்போது நோயாளிகளில் பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான செறிவே இதற்கு அளவுகோல். சில மாதக் குழந்தைக்கு அது சுமார் 3 சதவீதம். 40 வயதில் 2.1, 80 வயதில் 1.4. கைக்குழந்தைக்குத் தேவைப்படும் செறிவு கொள்ளுத்தாத்தாவுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு! ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறந்து சில நாட்களே ஆனவர்களுக்கும் கல்லீரல் முதிர்ந்திருக்காது. ஊசி மருந்து உடலைவிட்டு வெளியேறத் தாமதமாகும் என்பதால் அவர்களுக்குக் கணக்கு மறுபடியும் மாறும்.

வலி தெரியாது என்ற எண்ணம் ஒரு காலத்தில் மருத்துவர்களிடமே இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்ததுண்டு. 1987-இல் கன்வல்ஜீத் ஆனந்த் குழுவினர் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதை அசைத்தது. ஃபென்டனில் என்னும் வலிமருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அறுவையின் தாக்கத்தை நன்றாகத் தாங்கியது. பெறாதவர்களிடம் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

நம்பிக்கை 3: மூளையைக் கண்காணிக்கும் கருவி இருந்தால் கவலையில்லை; எண்ணைப் பார்த்து மருந்து கொடுத்தால் போதும்.

உண்மை: நெற்றியில் ஒட்டும் பட்டை மூளையின் மின் அலைகளை வாங்குகிறது. 'பிஸ்' எனப்படும் கருவி அவற்றை 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாகச் சுருக்குகிறது; 40 முதல் 60 வரை இருந்தால் பொதுவாகப் போதிய மயக்கம் என்று கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கு உருவானது வயதுவந்தவர்களின் மூளை அலைகளை வைத்து. மயக்கத்தில் நெற்றிப் பகுதியில் எழும் ஆல்ஃபா அலைகள் பிறந்து முதல் சில மாதங்களுக்குத் தோன்றுவதே இல்லை. முதுமையில் அவை தேய்ந்துவிடுகின்றன. இதனால் முதியவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதும் எண் உயர்ந்து நிற்கலாம். அதை நம்பி மருந்தைக் கூட்டினால், மூளை அலைகளே இடையிடையே அடங்கிப்போகும் அளவுக்கு மயக்கம் ஆழமாகிவிடும். கெட்டமின் என்னும் மயக்க மருந்திலோ மயக்கம் கூடினாலும் எண் ஏறலாம். ஆகவே தேர்ந்த மயக்க மருத்துவர் எண்ணோடு நிற்காமல், திரையில் ஓடும் அலையையும் நோயாளியின் வயதையும் சேர்த்தே படிக்கிறார்.

நம்பிக்கை 4: ஆபரேஷனுக்குப் பின் பெரியவர் குழம்பிப் பேசுவதற்கு முழு மயக்கமே காரணம், முதுகில் ஊசி போட்டால் அது வராது.

உண்மை: அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. முதுகு ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதம் பேருக்கும், முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதம் பேருக்கும் குழப்பம் வந்தது. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். மூளை அலைகளைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் குழப்பம் குறையுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 60 வயதைத் தாண்டிய சுமார் 1,200 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் பயன் தெரியவில்லை. 2021-இல் வந்த, அதைவிடச் சிறிய இன்னோர் ஆய்வில் தெரிந்தது. முதுமை, முன்பே இருந்த மறதி, நோய்த்தொற்று, வலி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தே குழப்பத்தைக் கொண்டுவருகின்றன.

குடும்பத்தார் செய்யக்கூடியது உண்டு. மயக்க மருத்துவர் முன்கூட்டிப் பார்க்க வரும்போது, பெரியவருக்குள்ள மறதி, தினமும் போடும் தூக்க மாத்திரை, மதுப்பழக்கம் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவருடைய கண்ணாடியையும் காது மெஷினையும் கையில் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்; இரவில் நிம்மதியாகத் தூங்க விடுங்கள்.