பெரியவங்க நடக்க நம்ம தெருவில் வழி இருக்கா?



நம்ம வீட்டுப் பெரியவங்க ஏன் வெளியே வர்றதில்லை? வயசாயிடுச்சு, வீட்டோட இருக்கட்டும்னு விட்டுவிடுகிறோம். பல பேருக்குக் காலில் வலு இருக்கிறது, தெருவில்தான் வழி இல்லை. மூடி இல்லாத சாக்கடை, எரியாத விளக்கு, ஏற முடியாத படி. ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்வது யாரு? மகளும் மருமகளும்தான். கூலியும் போகும், குழுத் தவணையும் நிற்கும்.

உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியோரிடமே கேட்டு 2007-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. டெல்லி, உதய்பூரும் அதில் உண்டு. உட்கார இடம், சுத்தமான கழிப்பறை, மேடுபள்ளம் இல்லாத நடைபாதை, இவையும் அதில் வருகின்றன.

தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ஊர்ச்சாலை ஊராட்சியின் பொறுப்பு. (முதியோர் பென்ஷனுக்குத் தாசில்தார் ஆபீஸ். ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம்.)

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அதற்கு முன்னாடி, குழுவில் ரெண்டு பேர் ஒரு பாட்டியோடு ரேஷன் கடை வரை நடந்து பாருங்கள். எங்கே நின்றார், எங்கே தடுமாறினார் என்று நோட்டில் குறியுங்கள். "பெரியவங்களுக்கு வசதி வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். "கோயில் முனைச் சாக்கடைக்கு மூடி, ரேஷன் கடைப் படிக்குக் கைப்பிடி" என்று இடம் சொல்லிக் கேளுங்கள். தீர்மான நோட்டில் அது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.