தொலைவில் இருந்தும் கூடலாம்

பொழியூர் ஒரு கடலோர ஊர். கேரளத்தின் தென்கோடியில் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம் அங்கே முடிகிறது. அதை அடுத்த ஊர் நீரோடி. அது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

பொழியூர் மக்களுக்கு மீன்பிடித்தல் தொழில். கால்பந்து உயிர். இந்த ஊரிலிருந்து கேரள அணிக்குப் போய் சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் பலர். பொழியூர் மட்டுமல்ல. புல்லுவிளை, விழிஞ்ஞம், பூந்துறை என்று அந்தக் கடற்கரை முழுவதும் மாலையானால் பிள்ளைகள் பந்தோடு மணலில் இறங்குவார்கள்.

2020ஆம் ஆண்டு அந்தப் பந்து நின்றது.

மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பள்ளிகளும் விளையாட்டு விடுதிகளும் மூடப்பட்டன. ஜூலை 6 முதல் திருவனந்தபுரம் நகரத்தில் இன்னும் கடுமையான ஊரடங்கு. ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் நோய் சமூகப் பரவல் ஆகிவிட்டது என்று கேரள முதலமைச்சர் அறிவித்தார். மறுநாள் இடவா முதல் பொழியூர் வரை கடற்கரை முழுவதும் அடைக்கப்பட்டது. காரியவட்டத்தில் கிரீன்ஃபீல்டு விளையாட்டரங்கம் உள்ளது. 2015இல் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. அந்த வளாகத்தில் நோயாளிகளுக்குக் கட்டில் போட்டார்கள்.

அதே ஜூலை 17 அன்று உலகத்தின் வேறு பக்கத்திலும் ஒரு செய்தி. ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் சர்வதேச ஒலிம்பிக் குழு அன்று தன் பொதுக்கூட்டத்தை நடத்தியது. உறுப்பினர்கள் யாரும் ஓரிடத்துக்கு வரவில்லை. அவரவர் ஊரில் இருந்தபடியே கணினி வழியாகக் கூடினார்கள். ஒலிம்பிக் குழுவின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

பெரிய குழுவுக்கு வந்த அதே தொல்லைதான் கடற்கரைப் பிள்ளைகளின் சின்னக் கழகத்துக்கும் வந்தது. கூட வேண்டும். ஆனால் கூட முடியாது.

கழகத்துக்கு என்ன வேலை?

பந்தைச் செல்போன் வழியாக உதைக்க முடியாது. அது உண்மை. ஆனால் ஒரு கழகம் என்பது விளையாட்டு மட்டும் அல்ல. விளையாட்டுக்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது. பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டும். வயதுச் சான்று வாங்க வேண்டும். சந்தா பிரிக்க வேண்டும். போட்டிக்குப் போக வண்டி பேச வேண்டும். யார் யார் அணியில் என்று முடிவு செய்ய வேண்டும். இவற்றைச் செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள் இரவில் செய்கிற வேலை இது. இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் இருந்தபடியே செய்யலாம். நோய்க் காலம் போன பிறகும் பல கழகங்கள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வருவது யாருக்குத்தான் பிடிக்கும்?

திருவனந்தபுரத்துக்கு இது ஒன்றும் புதிது அல்ல. 2004இல் இந்தியா 'எஜுசாட்' என்ற செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. கல்விக்காகவே ஏவிய செயற்கைக்கோள் அது. அதைக் கொண்டு 2005 ஜூலையில் 'விக்டர்ஸ்' என்ற திட்டம் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். ஓர் இடத்தில் ஆசிரியர் பேசுவார். தொலைவில் உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வியும் கேட்பார்கள். 2020 ஜூன் 1 அன்று பள்ளிகள் திறக்க முடியாமல் போனபோது, இதே விக்டர்ஸ் டிவியில்தான் பாடங்கள் வந்தன.

அப்போது ஒரு குறை வெளியே தெரிந்தது. கேரளத்தில் சுமார் இரண்டரை லட்சம் பிள்ளைகள் வீட்டில் டிவியோ, இணையமோ இல்லாமல் இருந்தார்கள். நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்துப் பாடம் காட்டினார்கள். விளையாட்டுக் கழகம் செல்போனில் கூட்டம் போடுவதற்கு முன் இந்தக் குறையைத்தான் முதலில் நினைக்க வேண்டும். போன் இருப்பவர்கள் மட்டும் கூடி முடிவு செய்தால் அது கழகத்தின் முடிவு அல்ல. போன் வைத்திருப்பவர்களின் முடிவு.

முதல் வேலை: ஒரு பட்டியல்

ஆகவே கழகத்தின் செயலாளர் முதலில் ஒரு நோட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் மூன்று செய்திகள் எழுத வேண்டும். வீட்டில் என்ன போன் இருக்கிறது? பட்டன் போனா, படம் தெரியும் போனா? அது யார் கையில் இருக்கும்? எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. அதுதான் முக்கியம். அப்பா இரவில் கடலுக்குப் போனால் போனும் சட்டைப் பையோடு போய்விடும். அம்மா விடியும் முன் மீன் கூடையோடு சந்தைக்குப் போவார். காலை 10 மணிக்குக் கூட்டம் என்று நகரத்தில் இருப்பவர் முடிவு செய்தால் கடற்கரையில் இருந்து ஒருவரும் வரமாட்டார்கள். பிறகு 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று ஒரு பேச்சு கிளம்பும். அக்கறை இல்லாதது யாருக்கு?

எந்தப் போனில் எந்தக் கூட்டம்?

பட்டன் போன் போதும் என்றால் நம்பச் சிலர் தயங்குவார்கள். ஆனால் அதிலேயே நாலைந்து பேரை ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசலாம். இதைக் கான்பரன்ஸ் கால் என்பார்கள். செயலாளர், பொருளாளர், பயிற்சியாளர், இரண்டு பெற்றோர். சிறு குழுவுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

படம் தெரியும் போனில் வாட்ஸ்அப் இருக்கும். 2020 தொடக்கத்தில் அதில் 4 பேர்தான் ஒன்றாகப் பேச முடிந்தது. அந்த ஏப்ரலில் அது 8 ஆனது. இப்போது 32 பேர் பேசலாம். அதைவிடப் பெரிய கூட்டத்துக்கு ஜூம், கூகுள் மீட் போன்றவை உள்ளன. கூட்டம் போடுகிறவர் ஒரு 'லிங்க்' அனுப்புவார். லிங்க் என்பது நீல நிறத்தில் உள்ள ஒரு வரி. அதை விரலால் தொட்டால் கூட்டத்துக்குள் போகலாம். ஜூமில் பணம் கட்டாமல் 40 நிமிடம் பேசலாம். மீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம். இதை ஒரு குறை என்று சொல்ல முடியாது. 40 நிமிடத்தில் முடியாத கூட்டம் பெரும்பாலும் வெட்டிப் பேச்சுதான்.

முகம் தெரியப் பேசினால் நெட் அதிகம் செலவாகும். ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரை ஆகலாம். சில நேரம் அதற்கு மேலும் ஆகும். குரல் மட்டும் என்றால் மிகவும் குறைவு. தொடக்கத்தில் எல்லாரும் முகம் காட்டி வணக்கம் சொல்லலாம். பிறகு படத்தை நிறுத்திவிடலாம். பேசாதவர்கள் மைக்கை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் முப்பது வீட்டில் கேட்கும்.

லிங்க்கைத் தொட்டு உள்ளே போக ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டியது இல்லை. யாராவது போன் செய்து அந்த எண்ணைக் கேட்டால் அவர் ஏமாற்றுக்காரர். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

இணைப்பு போனால்?

2020இல் செஸ் ஒலிம்பியாட் போட்டியும் இணையத்தில்தான் நடந்தது. 160க்கும் மேற்பட்ட நாடுகள் ஆடின. ஒவ்வோர் அணியிலும் ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் கட்டாயம் ஆட வேண்டும். இந்திய அணியில் விஸ்வநாதன் ஆனந்த் இருந்தார். சென்னையின் பிரக்ஞானந்தா இருந்தார். கேரளத்தில் திருச்சூரைச் சேர்ந்த நிஹால் சரின் இருந்தார். அவருக்கு அப்போது வயது 16. நாகபுரியின் திவ்யா தேஷ்முக்குக்கு 14.

கால் இறுதியில் இந்தியாவும் அர்மீனியாவும் மோதின. நிஹாலோடு ஆடிய அர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்தது. அவர் தோற்றதாக முடிவானது. அர்மீனியா முறையிட்டது. அவரவர் இணைப்புக்கு அவரவரே பொறுப்பு என்பது விதி. முறையீடு தள்ளப்பட்டது. அர்மீனியா கோபத்தோடு போட்டியை விட்டே விலகியது.

ஆகஸ்ட் 30 இறுதிப் போட்டி. இந்தியாவும் ரஷ்யாவும். முதல் சுற்று 3-3 என்று சமம். இரண்டாவது சுற்றில் நிஹாலுக்கும் திவ்யாவுக்கும் இணைப்பு போனது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. நேரம் முடிந்து இருவரும் தோற்றார்கள். ரஷ்யா வென்றதாகத் தெரிந்தது. இந்தியா முறையிட்டது. விசாரித்தபோது, அன்று உலகின் பல நாடுகளில் இணையம் தடைப்பட்டது தெரிய வந்தது. இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்துத் தங்கம் கொடுத்தார்கள். அர்மீனியர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்க்கலாம்.

ஊர்க் கழகத்திலும் இதே சண்டை வரும். 'நான் பேசிக்கொண்டு இருக்கும்போது போன் கட் ஆனது. அதற்குள் என் மகளை அணியில் இருந்து எடுத்துவிட்டார்கள்' என்று ஒரு தாய் சொன்னால் என்ன பதில்? பதிலை முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒருவரின் இணைப்பு போனால் 10 நிமிடம் காத்திருப்போம். அதற்குள் சாதாரணப் போனில் அவரை அழைப்போம். அணித் தேர்வும் பணச் செலவும் அன்றே முடியாது. மூன்று நாள் கழித்துத்தான் உறுதியாகும். இப்படி ஒரு தீர்மானம் இருந்தால் பாதிச் சண்டை இல்லை.

கழகம் பதிவு செய்ததாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. திருவனந்தபுரத்தில் சங்கங்கள் பெரும்பாலும் 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டப்படி பதிவாகின்றன. ஒவ்வொரு சங்கத்துக்கும் விதிமுறை நூல் உண்டு. எத்தனை நாள் முன் அறிவிக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்று அதில் இருக்கும். போன் வழியாகக் கூடலாம் என்ற வரியை, நேரில் கூடும் பொதுக்குழுவில் வைத்து அதில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளின் பாதுகாப்பு

2020 மே மாதம் மத்திய அரசு 'கேலோ இந்தியா இ-பாடசாலை' என்று இணைய வழிப் பயிற்சியைத் தொடங்கியது. வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சிகளைப் பயிற்சியாளர்கள் போனில் கற்றுக்கொடுப்பது இப்போது வழக்கம். நல்லதுதான். ஆனால் போன் வழியாகப் பயிற்சியாளர் வீட்டுக்குள் வருகிறார். அதற்கு வாசல் வேண்டும்.

பயிற்சியாளர் ஒரு பிள்ளையைத் தனியாக வீடியோவில் அழைக்கக்கூடாது. குழுவில் பெற்றோரின் எண்தான் இருக்க வேண்டும். பயிற்சி நேரத்தில் வீட்டில் பெரியவர் ஒருவர் அருகே இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையைப் படம் பிடிக்கக்கூடாது. ஆதார் நகலையும் பிறப்புச் சான்றையும் எல்லாரும் பார்க்கும் குழுவில் போடக்கூடாது. செயலாளருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கேட்பது பயிற்சியாளரைச் சந்தேகப்படுவது ஆகாது. நல்ல பயிற்சியாளர் இதைத் தானே முதலில் சொல்வார்.

பிள்ளைகளைப் பாலியல் தொல்லையில் இருந்து காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. போனில் தரும் தொல்லையும் அதில் அடங்கும். உதவிக்கு 1098 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை.

பணமும் நோட்டும்

சந்தாவைச் செல்போனில் அனுப்பலாம். ஆனால் அது கழகத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்குக்குப் போனால் அவர் எவ்வளவு நல்லவரானாலும் கணக்குக் குழம்பும். போன் இல்லாதவர் கையில் கொடுத்துக் காகித ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டம் போனில் நடந்தாலும் தீர்மான நோட்டு காகிதத்தில் இருக்கட்டும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்திலும் தமிழ்நாட்டு மகளிர் குழுவிலும் பெண்கள் எழுதுகிற அதே நோட்டுதான். ஓர் எடுத்துக்காட்டு:

'கூட்டம் ஞாயிறு இரவு 7 மணி. போனில் வந்தவர்கள் 14. நூலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே போனில் பேசியவர்கள் 5. வராதவர்கள் 6. தீர்மானம்: போட்டிக்கு வண்டி வாடகையைக் கழகம் தரும். மறுப்பு: ஒருவர்.'

மறுத்தவரையும் எழுத வேண்டும். வராத ஆறு பேருக்கும் யார் போய்ச் சொல்வது என்று பெயர் எழுத வேண்டும். சாலையிலும் கரமனையிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் மலையாளம் பேசுவார்கள். படிப்பது தமிழாக இருக்கலாம். அவர்களுக்குத் தமிழில் எழுதி அனுப்பலாம். அல்லது குரலில் பேசி அனுப்பலாம்.

மறுநாள் அந்தப் பக்கத்தின் நகலை நூலகச் சுவரிலும் அங்கன்வாடி வாசலிலும் ஒட்ட வேண்டும். சந்தையில் இருந்து திரும்பும் தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று படிப்பார். தன் மகள் பெயர் பட்டியலில் இல்லை என்றால், ஏன் இல்லை என்று மூன்று நாளுக்குள் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளை அடுத்த கூட்டத்தில் முதலில் படிக்க வேண்டும்.