தேகப் பயிற்சிக்கேற்ற நாடித் துடிப்பு

உழைக்கும் தசைகளுக்குப் பிராணவாயுவைக் கொண்டு சேர்ப்பது இரத்தம். அதைச் செலுத்துவது இருதயம். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு எனக் கொண்டால் இது ஏறத்தாழ 5 லிட்டர் ஆகும். கடும் உழைப்பின்போது, பயிற்சியற்ற இளைஞரிடத்தும் இவ்வளவு 20 லிட்டர் வரை உயரக்கூடும். இவ்வுயர்வின் பெரும்பகுதி துடிப்பு விரைவதாலேயே கிடைக்கிறது. ஆகவே உழைப்பின் கடுமையை ஓரளவு மதிப்பிட, விரலும் விநாடி முள்ளுள்ள கடிகாரமும் போதும்.

எத்துணை விரைவு தக்கது? ஃபின்லாந்து நாட்டு உடலியல் அறிஞர் கார்வோனெனும் அவருடன் உழைத்தோரும் 1957-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒரு வழி காட்டிற்று. இளைஞர் சிலரை ஓடுபொறிமீது சில வாரங்கள் ஓடச் செய்து அவர்கள் ஆராய்ந்தனர். ஓய்வு நாடிக்கும் உச்ச நாடிக்கும் இடையேயுள்ள வீச்சில் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் ஏறியவர்களிடமே பயிற்சியின் பயன் புலப்பட்டது. ஆராயப்பட்டோர் மிகச் சிலரே; எனினும் கணக்கிடும் முறை நிலைத்துவிட்டது. உடலுழைப்பே இல்லாதிருந்தவர்களுக்கு 40 சதவீதமே தொடக்கத்தில் போதும் என்று பின்னர் கொள்ளப்பட்டது.

நாற்பது வயதுள்ள ஆசிரியர் ஒருவருக்குக் காலையில் விழித்தவுடன் நாடி 70 எனக் கொள்வோம். 220-இலிருந்து வயதைக் கழிக்க, உச்ச நாடி 180. வீச்சு 110. அதில் 40 சதவீதம் 44. 60 சதவீதம் 66. இவற்றுடன் ஓய்வு நாடியைக் கூட்ட, 114 முதல் 136 வரை மிதமான பயிற்சிக்குரிய எல்லையாகிறது. வீச்சைக் கருதாது 180-இல் 60 சதவீதம் என்று மட்டும் கணக்கிட்டால் 108 என்றே வரும். இவ்விரு முறைகளையும் ஒன்றெனக் கொள்வது அடிக்கடி நேரும் பிழை.

220 என்னும் எண்ணும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1971-இல் ஃபாக்ஸ் முதலியோர் வெளியிட்ட கட்டுரையால் பரவிய அது, பலரும் முன்பு அளந்த அளவுகளினூடே உத்தேசமாக இழுத்த கோடேயாகும். 2001-இல் டனாகா முதலியோர், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கலாம் என்றனர். நாற்பது வயதில் இரண்டும் 180 என்றே தருகின்றன; அறுபதில் முன்னது 160, பின்னது 166. எதனைக் கொண்டாலும், ஒருவரது உண்மையான உச்சம் கணக்கினின்றும் பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபடலாம். வகுப்பு முழுவதற்கும் ஒரே எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைப்பது தகாது.

நாடியை மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, இரு விரல்களால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கட்டைவிரலால் தொட்டால் அதன் துடிப்பே ஏமாற்றும். கழுத்து நாடியை அழுத்தினால் இருதயம் தானே மெதுவாகக்கூடும். ஓட்டம் நின்றதும் துடிப்பு விரைவாக இறங்குவதால், உடனே 10 விநாடி எண்ணி 6-ஆல் பெருக்குக. ஒரு துடிப்பை எண்ணத் தவறினால் விடையில் ஆறு குறையும் என்பதையும் மாணவர் அறிதல் நன்று.

வெயிலும் கணக்கைக் குலைக்கும். தோலைக் குளிர்விக்கவும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே நடைக்கு டிசம்பரைவிட மே மாதத்தில் நாடி மிகுதியாக ஏறும். அப்போது குறைக்கவேண்டியது நடையின் வேகமே.

பெரிய அபாயம் வேறொன்று. இரத்த அழுத்தத்துக்காகப் புரொப்ரனலால் போன்ற மருந்து உண்பவரின் நாடி எவ்வளவு உழைத்தாலும் வழக்கமான அளவுக்கு ஏறாது. அத்தகையவர் 136-ஐ எட்டியே தீர்வது என்று முயன்றால் தம் ஆற்றலை மீறி ஓட நேரும். இவர்களுக்கு மருத்துவர் குறிக்கும் அளவே அளவு. ஸ்வீடன் நாட்டு போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையுள்ள உணர்வு அளவையும் உதவும்; அதில் 13 என்பது 'ஓரளவு கடினம்'. அதுவும் கைவசமில்லாதவிடத்து, நடந்துகொண்டே பேச முடிகிறதா என்று பார்க்கலாம். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைத் தணிக்கவேண்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால், நாடி எவ்வளவாயினும், உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லவேண்டும்.