சிறார்க்குச் சிக்கல் தீர்க்கும் திறன் கற்பித்தல்

வினாவுக்கு விடை கூறுதல் வேறு. சிக்கலுக்கு வழி காணுதல் வேறு. முன்னதைத் தேர்வு அளக்கிறது. பின்னதை வாழ்க்கை அளக்கிறது. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளையும் வீட்டுக் குழாய் உடைந்து நீர் பெருகுகையில் செய்வதறியாது திகைப்பதை நாம் காண்கிறோம். இக்குறை தீரும் வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழகிய பயன் மறைக்கும்

ஜெர்மானிய உளவியலறிஞர் கார்ல் டங்கரின் ஆய்வு 1945-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் ஒரு சோதனை: கதவில் மெழுகுதிரிகளை நிறுத்துதல் வேண்டும். சிறுபெட்டிகளில் திரிகளும் தீக்குச்சிகளும் சிற்றாணிகளும் தரப்பெற்றன. பெட்டியைக் காலி செய்து கதவில் அறைந்தால் அதுவே திரிக்குத் தாங்கியாகும். ஆயினும், பொருள் நிறைந்த பெட்டியைக் கண்டோர் பலருக்கு இது தோன்றவில்லை. வெறும் பெட்டியைக் கண்டோர்க்கு எளிதில் தோன்றிற்று.

இதையொத்த சோதனையைச் சிறாரிடம் ஜெர்மன், டிஃபைட்டர் எனும் இருவர் நிகழ்த்தி, 2000-இல் முடிவை வெளியிட்டனர். 6, 7 வயதினரிடம் காணப்பட்ட இத்தடை, 5 வயதினரிடம் காணப்படவில்லை! எனவே இது வளர வளரப் படிவதெனக் கொள்ளலாம். படிந்ததைப் பயிற்சியால் நெகிழ்த்துவது ஆசிரியர் கடன்.

பின்வாங்கலும் ஒரு வழி

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாய்ப் படகில் அக்கரை சேர்க்கும் புதிரை நம் மூத்தோர் அறிவர். ஐரோப்பாவில் அல்குயின் பெயரால் வழங்கும் பழைய இலத்தீன் தொகுதியிலும் ஓநாய், ஆடு, முட்டைக்கோசு என இப்புதிர் உண்டு. கரை சேர்த்த ஆட்டை மீண்டும் இக்கரைக்குக் கொணர்ந்தாலன்றி இது தீராது. சிறார் தடுமாறுவதும் இவ்விடத்தேதான். பின்னோக்கி எடுத்து வைக்கும் அடி தோல்வியன்று என்பதை இப்புதிர் உணர்த்துகிறது.

வீடே பயிற்சிக்கூடம்

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில் நான்கு படிகளைக் கூறினார்: சிக்கலைப் புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், செய்து பார்த்தல், திரும்பிப் பார்த்தல். இவற்றை வீட்டிலேயே பழக்கலாம். குழாயில் நீர் வாராத நாளில் இருப்பது ஆறு குடம் நீரே எனில், சமையலுக்கும் துவைப்பதற்கும் பிறவற்றுக்கும் எவ்வாறு பங்கிடுவது? இதனைப் பிள்ளைகளிடமே விடுவோம். முதலில் தோன்றும் வழிகள் அனைத்தையும் கூறச் செய்வோம். அதுவரை எதனையும் பழிக்காதிருப்போம். அரிசி கழுவிய நீர் செடிக்கு ஆகும் எனப் பிள்ளை தானே கண்டால், பெட்டி தாங்கியானது போன்ற கண்டுபிடிப்பே அதுவும். மறுநாள், எது பயன் தந்தது, எது தரவில்லை என்று வினவுவோம்.

இம்முறையில் பெரியோர்க்கு அரிய செயல் ஒன்றுண்டு. விடை நாநுனியில் நிற்க, வாய் மூடிக் காத்திருத்தலே அது. எந்நாளும் நாம் உடன் நின்று விடை கூற இயலாது. நாம் இல்லாத நாளிலும் பிள்ளை தன் வழியைத் தானே காண வேண்டுமெனில், இன்று சற்றே பொறுத்தல் நம் கடமையாகும்.