முப்பரிமாண அச்சும் மருந்தின் அளவும்

நோயாளியின் நிலை, நோயின் வன்மை, ஏற்ற பொழுது ஆகிய மூன்றனையும் ஆராய்ந்தே மருத்துவன் தொழில்புரிதல் வேண்டும் என்பது வள்ளுவனார் மருந்ததிகாரத்திற் காட்டிய நெறி. ஆயின், ஆலைகளில் இலக்கக்கணக்காக அழுத்தி எடுக்கப்படும் மாத்திரைகள் சில குறித்த அளவுகளிலேயே கிடைக்கின்றன. ஆதலாற் சிறு குழந்தைக்கு மருந்தூட்டுவோர் மாத்திரையைப் பிளந்து கொடுக்க நேரிடுகின்றது. பிளந்த துண்டுகள் ஒத்த நிறையுடையன ஆதல் அரிது. மிகினும் குறையினும் இடர் விளையும். இக்குறையை நீக்கவல்லது முப்பரிமாண அச்சுமுறை.

நூல் அச்சிடும் பொறி தாளில் நீளமும் அகலமுமே உடைய எழுத்தைப் பதிக்கும். இப்பொறியோ படலத்தின்மேற் படலம் அடுக்கி உயரத்தையும் ஆக்கும். மருந்துத்தூளை மெல்லிதாகப் பரப்பி, பிணைக்கும் நீர்மத்தைத் துளிதுளியாகத் தெளித்து, மீண்டும் தூளைப் பரப்புவது இதன் ஒருவகை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய இவ்வகையால் ஆக்கப்பட்ட 'ஸ்பிரிட்டம்' என்னும் வலிப்புநோய் மருந்து, 2015-இல் அந்நாட்டரசின் ஒப்புதலைப் பெற்றது. அச்சிட்ட மாத்திரைகளுள் அவ்வொப்புதலை முதலிற் பெற்றது இதுவே. அழுத்தப்படாமையின் நுண்டுளைகள் மிக்க இம்மாத்திரை, 1000 மில்லிகிராம் மருந்துடையதாயினும், ஒரு மிடறு நீரிற் சில நொடிகளில் நெகிழ்ந்து உதிர்கின்றது. விழுங்க மாட்டாதார்க்கு இஃது எத்துணைப் பேருதவி!

அளவேயன்றிக் காலமும் இம்முறைக்கு வசமாகும். நீர் தீண்டும் புறப்பரப்பு மிகுந்தால் மருந்து விரைந்து கரையும். குறைந்தால் மெல்லக் கரையும். எனவே வடிவை மாற்றிக் கரையும் வேகத்தையும் மாற்றலாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஐந்து மருந்துகளை ஒரே மாத்திரையில் வெவ்வேறு பகுதிகளாக அச்சிட்டனர். அவற்றுள் இரண்டு உடனே கரையவும், மூன்று மெல்ல வெளிப்படவும் அமைத்தனர். நாள்தோறும் பல மாத்திரைகளை நினைவுகூர்ந்து உண்ணவேண்டிய முதியோர்க்கு இத்தகைய மாத்திரை பெருஞ்சுமையைக் குறைக்கும்.

ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகர மருத்துவமனையில், சில புரதக்கூறுகளை உடலிற் சிதைக்கவியலாப் பிறவிநோயுற்ற குழந்தைகட்கு, அவரவர்க்கு வேண்டிய அளவிலே மென்று தின்னும் மாத்திரைகளை அச்சிட்டு வழங்கினர். அவ்வாய்வு 2019-இல் வெளியாயிற்று.

இம்முறைக்கும் எல்லையுண்டு. உருக்கி அச்சிடும் வகையில் வெப்பந்தாங்காத மருந்துகள் கெடும். ஆலையின் அழுத்துபொறிபோல் விரைந்து பெருக்கவும் இயலாது. அனைத்தினும் மேலாக, பொறி தனக்கு இட்ட அளவையே அச்சிடும். அவ்வளவு தக்கதோ என அஃதறியாது. அதனை அறிவது கற்ற மருத்துவனின் கடமையே. பொறி நுண்ணிதாகுந்தோறும் அக்கடமையும் நுண்ணிதாகின்றது.